காலை ஆறரைக்கு ஒரு நாற்காலி

மதுரையைத் தூங்கா நகரம் என்பார்கள். நள்ளிரவு தாண்டியும் பரோட்டாக் கல் சூடாக இருக்கும். விடியுமுன்னே மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை மூட்டை மூட்டையாக இறங்கும். நாலு மணிக்கெல்லாம் டீக்கடைகளில் பாய்லர் கொதிக்க ஆரம்பித்துவிடும். இப்படி விழித்தே கிடக்கிற ஊரில், காலை ஆறரை மணிக்கு ஒரு பெண் தனியாகப் போய், நிம்மதியாக உட்கார்ந்து, ஒரு காபி குடித்துவிட்டு வர எங்கே இடம் இருக்கிறது? யோசித்துப் பாருங்கள், சட்டென்று பதில் வராது.

டீக்கடை பெஞ்சு இருக்கிறது. அதில் பேப்பரை நாலாகப் பிரித்து ஆளுக்கொரு தாளாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். நாம் போனால் யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் பேச்சு நின்றுவிடும், காலை நகர்த்தி வழி விடுவார்கள். டம்ளர் காலியாகும் வரை நாம் அங்கே விருந்தாளிதான். பெரிய ஹோட்டல்களில் உட்காரலாம். அங்கே தனியாக வந்த பெண்ணை நேராக ஃபேமிலி ரூமுக்கு அனுப்புவார்கள், காபி மட்டும் என்றால் சர்வருக்கு முகம் வாடும். கோகலே ரோடு விசாலம் காபி எனக்கு உயிர். நல்ல கூட்டம், நல்ல டிகாஷன். ஆனால் அது ரோட்டோரம் நின்று குடித்துவிட்டு நகர்கிற இடம்.

எங்கள் ஐயர் பங்களா பகுதியில் இப்போது ஒரு இடம் வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2023-ல் நத்தம் ரோட்டு மேம்பாலம் திறந்த பிறகு ஊருக்கு வெளியே போகிற வண்டிகளெல்லாம் தலைக்கு மேலே போய்விடுகின்றன. கீழே நாங்களும் எங்கள் கடைகளும். பாலத்துக்குக் கீழிருந்து உள்ளே பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், முன்பு ஜெராக்ஸ் கடை இருந்த வீட்டின் கீழ்த்தளத்தை ஒரு அண்ணனும் தங்கையும் எடுத்து காபிக்கடை ஆக்கியிருக்கிறார்கள். சிவப்புச் சிமெண்டுத் தரையை உடைக்காமல் விட்டிருப்பது எனக்குப் பிடித்தது. ஆறேழு மேசை, மர நாற்காலிகள், வாசலில் ஒரு வேப்பமரம். கல்லூரிப் பிள்ளைகளுக்காக எஸ்பிரெசோ மிஷின் ஒன்றும் உண்டு. அதற்குப் பக்கத்திலேயே ஒரு குடம் உயரத்துக்குப் பித்தளை பில்டர். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறவள். பித்தளையைப் பார்த்ததும் முதல் கேள்வி அதுதான்.

"உள்ள ஈயம் பூசியிருக்கா, பாப்பா?"

"பூசியாச்சு டீச்சர். எங்க அப்பத்தா அதக் கேக்காம விடுவாங்களா?"

கடையில் காபி போடுவது அந்தத் தங்கைதான். அண்ணன் கல்லாவையும் வறுக்கிற வேலையையும் பார்த்துக்கொள்கிறார். மதுரையில் எத்தனை கடைகளில் காபி குடித்திருக்கிறேன், பாய்லர் பக்கத்தில் நின்ற மாஸ்டர் எல்லாரும் ஆண்கள். வீட்டில் முழுக்க முழுக்கப் பெண்கள் கையில் இருக்கிற ஒரு வேலை, சம்பளமும் பட்டமும் சேர்ந்தவுடன் எப்படிக் கை மாறிவிடுகிறது! இந்தப் பெண்ணை வருகிறவர்கள் எல்லாரும் 'மாஸ்டர்' என்றே கூப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை. நான் கூப்பிடவும் தொடங்கிவிட்டேன்.

அவள் டிகாஷன் போடுவதை ஒரு நாள் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். பொடியைக் கொட்டி, தட்டிச் சமன்படுத்துகிறாள், ஆனால் அழுத்துவதில்லை. மேலே குடையை, அதாவது கம்பி வைத்த துளைத் தட்டை, வைக்கிறாள். கொதித்த தண்ணீரை உடனே ஊற்றாமல் கொஞ்சம் அடங்க விட்டு, முதலில் பொடி நனைகிற அளவுக்கு மட்டும் விளிம்பில் இருந்து நடுவுக்குச் சுற்றி ஊற்றுகிறாள். பொடி மெல்ல உப்பிக்கொண்டு எழுகிறது, ஓரங்களில் நுரை கட்டுகிறது. புதிதாக வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு தங்கியிருக்கும். சூடு தண்ணீர் பட்டதும் அது வெளியேறுவதுதான் இந்த உப்பல். பழைய பொடி இப்படி எழாது, செத்துக் கிடக்கும். அது அடங்கிய பிறகுதான் மிச்சத் தண்ணீர். அவசரப்பட்டு முதலிலேயே முழுவதையும் ஊற்றினால் வாயு வழிவிடாமல் தண்ணீர் எங்கோ ஒரு ஓட்டை பிடித்து இறங்கிவிடும், பாதிப் பொடி சாரம் இறங்காமலே நிற்கும். என் அம்மா "பொடி மூச்சு விடட்டும்" என்பாள். வேதியியல் படிக்காமலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது.

தண்ணீர் விஷயத்திலும் இவர்கள் கவனமாக இருக்கிறார்கள். எங்கள் பகுதி போர் தண்ணீர் உப்பு. அதில் இருக்கும் பைகார்பனேட், காபியின் இயல்பான புளிப்பை அடித்துவிடும். எவ்வளவு நல்ல கொட்டை போட்டாலும் காபி சப்பென்று இருக்கும். 'அந்தக் கடைப் பொடி நல்லாயில்லை' என்று கடை கடையாக மாறுகிறவர்கள் ஒரு முறை தண்ணீரை மாற்றிப் பார்க்கலாம். வீட்டில் டிகாஷனுக்கு மட்டுமாவது கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

பால் ஆவின். பச்சை பாக்கெட் 4.5 சதவீதக் கொழுப்பு, ஆரஞ்சு 6 சதவீதம். இரண்டையும் கலந்து காய்ச்சுகிறார்கள். காய்ச்சிய பாலையே திரும்பத் திரும்பக் கொதிக்க வைப்பதில்லை, தீர்ந்தால் புதிதாக வைக்கிறார்கள். டீக்கடைக் காபியில் அடிநாக்கில் நிற்கும் அந்த வெந்த வாடை இங்கே இல்லாததற்குக் காரணம் இதுதான்.

சூடு பற்றி அங்கே தினமும் ஒரு வழக்கு நடக்கும். எஸ்பிரெசோ மிஷினில் போடுகிற கப்புச்சினோவுக்குப் பாலை 60, 65 டிகிரியில் நிறுத்துவது முறை. அதற்கு மேல் போனால் பாலின் இனிப்பும் நுரையின் மென்மையும் போய்விடும். நம் ஆட்களுக்கோ கொதி நிலையில் இருந்து இறக்கி, ஆற்றி, உதட்டில் பட்டால் சுரீர் என்று இருக்க வேண்டும். பேரன் வாங்கிக் கொடுத்த கப்புச்சினோவை ஒரு பெரியவர் இரண்டு வாய் குடித்துவிட்டு, "தாயி, இது ஆறிப்போச்சே, இன்னுங் கொஞ்சம் சூடு பண்ணிக் குடு" என்றார். அந்தப் பெண் விளக்கம் சொல்லவில்லை. "இருங்கய்யா" என்று உள்ளே போய், டபராவில் பில்டர் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். காசு கூட்டி வாங்கவில்லை. கடை நடத்தத் தெரிந்த பிள்ளை.

சரி, காபி எப்படி? முதலில் டபராவையும் டம்ளரையும் சுடுதண்ணீரில் அலசுகிறாள். டிகாஷன், மேலே பால், ஒரே ஒரு ஆற்று. சர்க்கரை கேட்டுத்தான். நாக்கில் முதலில் படுவது கசப்பு, அதற்குப் பின்னால் ஆரஞ்சுத் தோல் மாதிரி லேசான ஒரு துவர்ப்பு, விழுங்கிய பிறகு வெல்லத்தின் நினைப்பு. பொடி தொண்ணூறுக்குப் பத்து, அதாவது காபி தொண்ணூறு, சிக்கரி பத்து. எங்கள் வீட்டில் எப்போதும் எண்பதுக்கு இருபதுதான். சிக்கரி என்பது வறுத்துப் பொடித்த ஒரு வேர், நாட்டில் பெரும்பகுதி குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. அதில் காஃபின் கிடையாது. டிகாஷனுக்கு நிறமும் கெட்டியும் கொடுக்கும். அளவோடு இருந்தால் நான் அதற்கு எதிரியில்லை. ஆனால் கலவைப் பொடியில் காபி குறைந்தது 51 சதவீதம் இருந்தால் போதும் என்கிறது சட்டம். அதாவது கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி வேர்ப்பொடியைக் கலந்துவிட்டு அதைச் சட்டப்படி விற்க முடியும். பாக்கெட்டில் விகிதம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். பொடி எழுத்தாக இருந்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு வாங்குங்கள்.

இந்தக் கடையில் விகிதத்தைக் கரும்பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே: 'தாண்டிக்குடி. பிளாண்டேஷன் ஏ, பீபெரி.'

பிளாண்டேஷன் ஏ என்பது கழுவிப் பதப்படுத்திய அரபிகாவில் பெரிய கொட்டைத் தரம். தாண்டிக்குடி என்று படித்ததும் எனக்கு ஒரு மகிழ்ச்சி. இந்தியக் காபியில் 70 சதவீதம் போலக் கர்நாடகத்தில் விளைகிறது. அடுத்து கேரளம். தமிழ்நாட்டின் பங்கு 5 சதவீத அளவுதான். அதனாலேயே காபி என்றால் குடகு, சிக்மகளூர் என்று நம் வாய் பழகிவிட்டது. ஆனால் மதுரைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கீழ்ப் பழனி மலை இருக்கிறது. வத்தலக்குண்டில் இருந்து மலை ஏறினால் பெரும்பாறை, தடியன்குடிசை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு. வழியெங்கும் சில்வர் ஓக் நிழலில் காபிச் செடி, மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி, இடையிடையே ஆரஞ்சும் விருப்பாச்சி வாழையும். மத்தியக் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே தாண்டிக்குடியில் இருக்கிறது. கோடையில் முதல் மழை விழுந்து ஒன்பது பத்து நாளில் செடிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகையை ஒத்த வாசனை. இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். பங்குனியில் அந்தப் பக்கம் போகிறவர்கள் பஸ் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

காய் எல்லாம் ஒரே நேரத்தில் பழுக்காது. அதனால் ஒரே செடிக்குப் பறிப்பவர்கள் திரும்பத் திரும்ப வர வேண்டும், சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும். பெரும்பாலும் பெண்கள். தோல் நீக்கிக் காயவைத்த கொட்டை மலையடிவாரத்துக்கு, பட்டிவீரன்பட்டி போன்ற ஊர்களின் காபி ஆலைகளுக்கு இறங்கும். மேல் ஓட்டை நீக்கி, அளவு பிரித்து, உடைசலையும் கறுப்பையும் கையால் பொறுக்கி எடுப்பார்கள். அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களும் பெண்கள்தான். பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒற்றை விதை உருண்டையாக விளைந்தால் அது பீபெரி, அதைத் தனியாகப் பிரித்து விலை கூட்டி விற்பார்கள். பறித்தவள், பொறுக்கியவள், கடைசியில் வீட்டு அடுப்படியில் டிகாஷன் இறக்கியவள் என்று வழிநெடுகப் பெண் கைதான். வெளியே உட்கார்ந்து அதைக் குடிக்கிற இடத்தில் மட்டும் அவளைக் காணோம்.

பட்டிவீரன்பட்டி என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் போக முடியாது. டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், 1893-ல் அந்த ஊரில் பிறந்தவர், காபித் தோட்டக் குடும்பம். 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். சென்னை தியாகராய நகர் பாண்டி பஜார் அவர் பெயரில் இருப்பது என்பது அங்கே புடவை எடுக்கிற பல பேருக்குத் தெரியாது. எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் ஒரு உத்தரவு. ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிட மக்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் உரிமம் ரத்தாகும் என்று அறிவித்தார். ஒரு இருக்கைக்காக ஒரு உத்தரவு!

காபிக்கும் இருக்கைக்கும் நம் ஊரில் பழைய கணக்கு உண்டு. காபி கிளப்புகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார், நாள் தவறாமல் தொண்டர்கள் கைதாகிக்கொண்டே இருந்தார்கள். மதுரையைச் சுற்றிய கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை முறை அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் நீடித்தது. என்னிடம் பாடம் படித்த பிள்ளைகளில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் ஒரு புதுக் காபிக்கடை திறந்தால் காபியைச் சுவைத்துப் பார்ப்பதோடு நாற்காலிகளையும் பார்க்கிறேன். யார் தயங்காமல் வந்து உட்காருகிறார்கள், யார் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள் என்று பார்க்கிறேன்.

காலையில் முதலில் வருவது பக்கத்து ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்த நர்ஸ் பெண்கள். இரண்டு பேர், மூன்று பேராக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நாற்காலியின் குறுக்குக் கட்டையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பேச்சே இருக்காது, முதல் டம்ளர் முடிந்த பிறகுதான் வாய் திறப்பார்கள். அப்புறம் நடைப்பயிற்சி முடித்து வருகிற தம்பதிகள். தெருக் கோடியில் டெய்லரிங் கடை வைத்திருக்கும் அக்கா கடை திறக்குமுன் வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, அன்றைக்கு வெட்ட வேண்டிய துணிக் கணக்கைச் சிட்டையில் எழுதுவார். வீட்டில் எழுதலாமே என்று கேட்டேன். "வீட்ல உக்காந்தா யாராச்சும் ஒரு வேல சொல்லிருவாங்க, டீச்சர்" என்றார்.

எனக்கும் அதேதான். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து எங்கள் வீட்டு முதல் டிகாஷன் என் கையால்தான் இறங்குகிறது. எனக்கென்று ஊற்றிக்கொள்வது கடைசி டம்ளர், அதுவும் குக்கர் சத்தத்தை எண்ணிக்கொண்டே நின்றபடி. இதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, என் வீட்டுக்காரரும் நல்லவர்தான். ஆனாலும் இன்னொருவர் கையால் போட்ட காபி, சூடாக, என் முன்னால் ஒரு மேசையில் வந்து இறங்குகிறபோது உடம்பு இளகுவதை நான் உணர்கிறேன். அந்தக் கால் மணி நேரத்துக்கு நான் யாருக்கும் எதையும் எடுத்து வைக்க வேண்டியதில்லை.

போன வாரம் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் இரண்டு பேர், அக்காமார், தள்ளுவண்டியை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு வாசலில் நின்றார்கள். படிக்கு மேலே வரவில்லை. அந்தப் பெண் உள்ளிருந்தே, "உள்ள வாங்கக்கா, ஃபேன் ஓடுது" என்றாள். "வேணாம் பாப்பா, சட்டையெல்லாம் குப்ப" என்று ஒருவர் பின்வாங்கினார். அவள் விடவில்லை. "தொடச்சாப் போகுது, வாங்க." வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் கொடுக்கிற அதே டபராதான் வந்தது.

காபியைத் தொடுமுன் இருவரில் மூத்த அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பாப்பா, பாத்ரூம் இருக்கா?"

இருந்தது. பின்கட்டில், வெளிச்சத்தோடு, உள்ளே கொக்கியோடு, தண்ணீர் வருகிற குழாயோடு. விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் தெருவில் இறங்கும் இவர்களுக்கு மதியம் வீடு திரும்பும் வரை ஒதுங்க இடம் கிடையாது. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை என்று பிறகு சொன்னார்கள். நானும் காபி, பால், கொட்டை என்று எவ்வளவோ கவனித்து வைத்திருந்தேன். அந்த அக்கா அரைக் கால் நிமிஷத்தில் இந்தக் கடையின் மிகப் பெரிய வசதியைக் கண்டுபிடித்துவிட்டார். மதுரையில் காபிக்கடை திறக்க நினைக்கிற யாராவது இதைப் படித்தால், மிஷினுக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கைக் கழிப்பறைக்கு ஒதுக்குங்கள். பெண்கள் தானாக வருவார்கள்.

விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பில்டர் காபி 35 ரூபாய். டீக்கடையோடு பார்த்தால் அதிகம். ஆனால் 2024, 2025 இரண்டு வருஷமும் பிரேசில் வறட்சி போன்ற காரணங்களால் உலகச் சந்தையில் கொட்டை விலை எங்கேயோ போனது, அது தாண்டிக்குடி வரைக்கும் எட்டியது. நல்ல பொடியும் ஆரஞ்சுப் பாலும் போட்டு இதற்குக் கீழே கொடுப்பது கஷ்டம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் தினக்கூலி வாங்குகிறவருக்கு 35 ரூபாய் புரியாது. நான் கேட்டதற்குத் தங்கை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். காலை எட்டு வரை சின்ன டம்ளர் 15 ரூபாய், யார் கேட்டாலும். பலகையில் அதை எழுதச் சொன்னேன். எழுதாத விலையைக் கேட்டு வாங்க எல்லாருக்கும் வாய் வராது. மறுநாள் எழுதியிருந்தது.

அண்ணனுக்குக் கவலை வேறு. "மதியத்துக்கு மேல கோல்ட் காபி நல்லா ஓடுது, டீச்சர். காலைல பாலு, கரண்டுக்கே கட்டுபடியாகல. பேசாம பத்து மணிக்குத் தொறந்தா என்னன்னு பாக்குறேன்." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாடகை வீடு, வங்கிக் கடன். தங்கை மட்டும், "காலைக் காபி இல்லாம என்ன காபிக்கடை?" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். நான் அவள் பக்கம். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன், ஆஸ்பத்திரியில் நர்ஸ் மேற்பார்வையாளரைப் பார்த்தும் சொன்னேன். ஷிப்டு முடிகிற நேரத்துக்குப் பிளாஸ்கில் மொத்தமாகக் காபி வாங்கிக்கொள்கிறோம் என்று அவர் கேட்டிருக்கிறார். அது கைகூடினால் காலை நேரத்து வரவு செலவைத் தாண்டிவிடும் என்பது அண்ணன் போட்ட கணக்கு. பொங்கல் வரை பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் நாராயணபுரம், ஐயர் பங்களா, ஊமச்சிகுளம் பக்கம் இருப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், வேலைக்குப் போகிற வழியில் பத்து நிமிஷம் ஒதுக்கிப் பாலத்துக்குக் கீழே வந்து போங்கள். ஆறு மணிக்கே கதவு திறந்திருக்கும். சிக்கரி வேண்டாம் என்பவர்கள் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். அதற்குச் சின்னதாக ஒரு தனி பில்டர் வைத்திருக்கிறாள், டிகாஷன் இறங்கப் பத்து நிமிஷம் கூடுதலாக ஆகும்.